இரு ஆறுகள் சேரும் ஏரிக்கரையில்

ஒன்ராறியோவில் ஜூலை மாதத்து ஏரிக்கரை பெப்ரவரியிலேயே முடிவாகிவிடுகிறது. மாகாணப் பூங்காக்களில் கூடாரம் போட இடம் வேண்டுமென்றால், போய் இறங்கும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஜூலை 25 அன்று போக நினைப்பவர் பெப்ரவரி 25 காலையில், வெளியே பனி குவிந்து கிடக்க, தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்த இடங்கள், அதுவும் வார இறுதியை ஒட்டியவை, சில நிமிடங்களில் போய்விடும். ஆகவே எந்தப் பூங்கா, எந்த ஏரி, எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்கு முந்திய கிழமைகளிலேயே வீட்டில் பேசி முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒருவரைச் சுற்றித்தான் நடக்கும். யாருக்கு வர விருப்பம் மிகக் குறைவோ, அவரைச் சுற்றி. பிள்ளைகளுக்குத் தண்ணீரும் மணலும் ஒரு தடியும் போதும். என் கணவருக்கு விறகும் நெருப்பும் இருந்தால் மழை பெய்தாலும் சந்தோஷம். எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்குத்தான் இதில் எதுவுமே தேவையாக இருந்ததில்லை. அவருடைய காலுக்கும் நித்திரைக்கும் பயத்துக்கும் ஏற்றபடி பயணத்தை அமைத்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் அது தானாகவே பொருந்திவிடும். மூன்று தலைமுறையோடு காட்டுக்குப் போகிற எவருக்கும் நான் சொல்வது இதைத்தான்.

நாங்கள் போவது அல்கொங்குவின் பூங்காவுக்கு. 1893-இல் தொடங்கப்பட்ட இதுதான் ஒன்ராறியோவின் முதல் மாகாணப் பூங்கா. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஸ்காபரோவிலிருந்து வடக்கே போய், ஹன்ற்ஸ்வில் நகரில் 60ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால், வாகன நெரிசல் இல்லாத நாளில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அந்தச் சாலை பூங்காவின் தெற்கு மூலைக்குள் 56 கிலோமீட்டர் ஓடுகிறது. உள்ளே முகவரி என்பதே மேற்கு வாசலில் இருந்து எண்ணும் கிலோமீட்டர்தான். கனூ ஏரி 14, இரு ஆறுகள் ஏரி ஏறத்தாழ 32, பார்வையாளர் மையம் 43. சாலைக்கு இரு பக்கமும் ரீ ஏரி, கனிஸ்பே, மியூ, இரு ஆறுகள், பொக், கேர்ணி, றொக் என்று ஏரிக்கொரு கூடாரத் திடல்.

அனுபவசாலிகள் றொக் ஏரியைச் சொல்வார்கள். நெடுஞ்சாலையை விட்டு மண் சாலையில் உள்ளே போக வேண்டும். பாறைகளும் அமைதியும் அங்கே அதிகம். பொக் ஏரியில் இடத்துக்கும் இடத்துக்கும் நடுவில் மரங்கள் அடர்ந்து நிற்பதால் பக்கத்துக் குடும்பம் கண்ணில் படாது. இரு ஆறுகள் ஏரித் திடலோ நெரிசலானது, திறந்தவெளியானது, லொறிச் சத்தமும் கேட்கும். அதனால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். நான் அதையே தேர்ந்தெடுக்கிறேன். நிலம் மட்டமானது. நீண்ட மணற்கரை, கைத்தடியோடு தண்ணீர் வரைக்கும் போகலாம். தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் சுடுநீர்க் குளியலறையும் உண்டு. பாலும் ஐஸும் வாங்க ஒரு கடை நடந்து போகிற தூரத்தில். முதியவரோடு வருபவருக்கு இவை காட்டின் அழகைக் குறைப்பதில்லை. அந்த அழகைப் பார்க்க அவரை உட்கார வைப்பதே இவைதான். மடவாஸ்கா ஆறும் வட மடவாஸ்கா ஆறும் வந்து சேர்கிற இடம் என்பதால்தான் ஏரிக்கு அந்தப் பெயர். அங்கிருந்து போகிற தண்ணீர் கடைசியில் ஒட்டாவா ஆற்றில் விழுகிறது.

முன்பதிவுத் தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் படம் இருக்கும். எல்லோரும் முதலில் பார்ப்பது ஏரி தெரிகிறதா என்பதை. நான் முதலில் பார்ப்பது வரைபடத்தில் கழிப்பறைக் கட்டடத்தை. அதற்கு அடுத்த இடம் வேண்டாம். இரவு முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும். அதிலிருந்து இரண்டு மூன்று இடம் தள்ளி, பாதை வளையாமல் நேராகப் போகிற இடம்தான் சரி. அடுத்தது படத்தில் நிலத்தின் சாய்வு. தாழ்வான இடத்தில் மழைத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதைப் படத்திலேயே கண்டுகொள்ளலாம். புல் முளைக்காமல் கறுத்துக் கிடக்கும்.

ஓர் இடத்தில் ஆறு பேர்தான் தங்கலாம். பெற்றாரும் பிள்ளைகளுமான ஒரே குடும்பத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அனுமதிச்சீட்டு ஒரு வாகனத்துக்குத்தான், இரண்டாவதற்குத் தனிக் கட்டணம். தம்பி குடும்பமும் வருவதால் எங்களுக்கு அடுத்தடுத்த இரண்டு இடம் வேண்டும். அந்தக் காலையில் தம்பி அஜக்ஸில் தன் வீட்டில் இருந்து ஒன்றைப் பதிவுசெய்வான், நான் இங்கிருந்து மற்றதை. "அக்கா, உங்களுக்கு விழுந்திட்டுதோ?" என்று அவன் தொலைபேசியில் கேட்கிற குரலில்தான் எங்கள் கோடை தொடங்குகிறது.

மாதத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. மே மாதமும் ஜூன் முற்பகுதியும் வாகனத்தில் போய்ப் பார்க்க அருமையான காலம். குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு ஓரத்துப் பள்ளங்களில் கரைந்து நிற்கும். அதைக் குடிக்க மூஸ் என்ற பெரிய மான்கள் சாலையோரத்துக்கே வரும். ஆனால் அதே காலம்தான் கறுப்பு ஈக்களின் காலம். ஓடுகிற தண்ணீரில் பெருகும் இந்த ஈ பகலில் கடிக்கும். தலைமுடி ஓரத்திலும் காதுக்குப் பின்னாலும் இரத்தம் வரக் கடிக்கும். அது அடங்கும்போது நுளம்பு. ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகுதான் இரண்டும் தணியும். சிறு பிள்ளையோடும் முதியவரோடும் போகிறவர்கள் ஜூலை கடைசியோ ஆகஸ்டோ போவதே நல்லது. ஆகஸ்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1963 முதல் அந்த மாதத்து வியாழன் இரவுகளில், முந்திய நாள் ஓநாய்க் கூட்டம் சாலைக்கு அருகில் இருப்பதாகத் தெரிந்தால், பூங்கா ஊழியர்கள் மக்களை வாகன வரிசையாக அழைத்துப் போய் ஓநாயைப் போலவே ஊளையிடுவார்கள். பதில் வருமா என்று நூற்றுக்கணக்கானவர்கள் இருட்டில் மூச்சை அடக்கி நிற்பார்கள்.

இனி அம்மா.

"வீடு வாசல் இருக்கேக்கை ஏன் பிள்ளை தரப்பாளுக்கை கிடக்கப் போறியள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்கு இயற்கை, காற்று, பிள்ளைகளின் சந்தோஷம் என்று பதில் சொல்வது அவரை மதிப்பதாகாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் போர் நெருங்க, வலிகாமத்தை விட்டு மக்கள் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மாரி மழை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் சில இரவுகள், பிறகு ஒரு மாமரத்தில் கட்டிய தரப்பாளின் கீழே பல கிழமைகள். அவருக்குக் கூடாரம் என்பது விடுமுறையாக இருக்க நியாயமில்லை.

ஆகவே நான் அவரை வற்புறுத்தவில்லை. அந்த இரவுகளில் எது மிகவும் கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேட்டேன். அதைப் பற்றி அவர் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. அன்று அடுப்படியில் மாவை வறுத்துக்கொண்டே சொன்னார்.

"மழை பறவாயில்லைப் பிள்ளை. நிலத்து ஈரம்தான். பிறகு இருட்டு. ராவிலை ஒதுங்கப் போறதுக்கு ஒரு இடமில்லை, அதுதான் பொம்பிளையளுக்குப் பெரிய கஷ்டம்."

ஈரம், இருட்டு, ஒதுங்கும் இடம். அன்று முதல் எங்கள் திட்டத்தின் பட்டியல் அந்த மூன்றுதான்.

ஈரத்துக்கு: அம்மா நிலத்தில் படுப்பதில்லை. மடிக்கும் கட்டில் ஒன்று வாங்கினோம். கட்டிலின் கீழே குளிர்ந்த காற்று ஓடும் என்பதால் அதன் மேல் தடித்த பாயும் வேண்டும். ஜூலையிலும் இரவில் வெப்பம் 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் தரப்பாள் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலமும் வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மேலிருந்து வழிகிற மழையை ஏந்தி நேரே படுக்கையின் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ஓரத்தை உள்ளே மடித்துவிட வேண்டும். கூடாரத்துக்கு மேலே மரத்துக்கு மரம் இன்னொரு தரப்பாள், ஒரு பக்கம் சரிவாக. பெட்டியில் 'ஆறு பேருக்கு' என்று எழுதியிருந்தால் ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். கட்டிலும் பையும் வைத்து நிம்மதியாகத் தூங்க மூன்று பேருக்கே அது சரி. உயரமும் முக்கியம். அம்மா குனியாமல் நின்று சேலை மாற்ற வேண்டும்.

இருட்டுக்கு: கூடார வாசலில் இருந்து பாதை வரைக்கும் நிலத்தில் குத்தும் சிறிய சூரிய விளக்குகள். பகலில் வெயில் குடித்து இரவில் மங்கலாக எரியும். அடுத்த இடத்துக்காரருக்குத் தொந்தரவில்லை. கட்டிலின் கைக்கெட்டும் பையில் ஒரு ரோச் லைற், அவருடைய கண்ணாடி, மாத்திரை, தண்ணீர். கூடாரக் கயிறுகளில் வெள்ளைத் துணிக் கீற்று, தடுக்காமல் இருக்க. ஒதுங்கும் இடத்துக்குத்தான் அந்த வரைபடத் தேடல் எல்லாம்.

முதல் இரவு நடுச்சாமத்தில் அம்மா என்னை எழுப்பினார். "ஆரோ அழுகினம்." ஏரியில் லூன் பறவை கூவிக்கொண்டிருந்தது. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கிற அந்தப் பறவையேதான். ஒன்றையொன்று எங்கே இருக்கிறாய் என்று கேட்கும் நீண்ட குரல் அதற்கு உண்டு. தெரியாத காதுக்கு மனிதர் அழுவதாகவே கேட்கும். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். மறுகரையில் இருந்து இன்னொன்று பதில் கூவிய பிறகு, "ஓம், சோடி கிடைச்சிட்டுது" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார்.

சாப்பாட்டில் கரடிக்குத்தான் முதல் மரியாதை. அல்கொங்குவினில் கருங்கரடிகள் உண்டு, அவற்றுக்கு மூக்குதான் எல்லாம். பூங்காவின் விதி கண்டிப்பானது: ஆள் இல்லாத நேரத்திலும் இரவிலும் கூலர், சமையல் சட்டி, எண்ணெய்ப் போத்தல், குப்பை, பற்பசை, பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட வெளியே இருக்கக் கூடாது. எல்லாம் வாகனத்துக்குள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்டும் ஆகாது. கரடி வராவிட்டாலும் சிப்மங்க் அணில் துணியைக் கடித்துத் துளைக்கும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் சுட்டுக் கொல்லப்படும். இந்த விதி எங்களைக் காப்பதைவிட அதைக் காக்கவே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

ஆகவே கருவாடும் மீன் குழம்பும் வீட்டோடு. தாளிப்பும் பொரிப்பும் முதல் நாளே வீட்டில் முடிந்துவிடும். ஆட்டிறைச்சிக் கறியைத் தட்டையான பைகளில் ஊற்றி உறையவைத்து கூலரின் அடியில் அடுக்குவோம். இரண்டு நாள் அதுவே ஐஸ்கட்டியின் வேலையைச் செய்யும். முதல் இரவு பாணும் அந்தக் கறியும். கூடாரம் அடித்துக் களைத்தவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அடுத்த நாள் காலையில் புட்டு. வறுத்த மாவு, ஸ்காபரோ தமிழ்க் கடையில் வாங்கிய உறைந்த தேங்காய்ப்பூ, இரட்டைப் புரொபேன் அடுப்பு, புட்டுக்குழல், இவ்வளவுதான். அடுத்த இடத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிறுமி ஆவி பறப்பதைப் பார்த்து வந்து நிற்க, அம்மா அவளுக்கு வாழைப்பழமும் சீனியும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தார். கடைசி நாளுக்குப் பருப்பு, சோயா, ரின் மீன் போன்ற கெடாத சாமான்.

எல்லாவற்றிலும் சிறந்தது நெருப்பில் சுட்ட தேங்காய்ப்பூ ரொட்டி. ஒவ்வொரு இடத்திலும் நெருப்பு வளையமும் அதன் மேல் இரும்புத் தட்டியும் இருக்கும். தணலாகும் வரைக்கும் பொறுத்திருந்து தோசைக்கல்லை வைத்தால், ரொட்டியின் ஓரம் கருகி நடு மெதுவாக வேகும். கட்டைச் சம்பலை வீட்டில் இடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

விறகைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டுக் கொல்லையில் வெட்டிய விறகு சும்மா கிடக்கிறதே என்று வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். ஆசியாவில் இருந்து வந்த மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002-இல் டெற்றோயிற், வின்ட்சர் பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு மரப்பட்டையின் கீழே துளைத்து, நீரும் சத்தும் ஓடும் வழியை அறுத்துவிடும். இந்த நாட்டின் ஆஷ் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தானாக அந்த வண்டு அதிக தூரம் பறப்பதில்லை. முகாமுக்குப் போகிறவர்களின் விறகோடுதான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்தது. விறகைப் பூங்காவிலேயே வாங்குங்கள். காட்டில் கிடப்பதைப் பொறுக்கவும் அனுமதியில்லை. விழுந்த மரம் மண்ணாகத் திரும்ப வேண்டும்.

ஏரியில் உயிர்காப்பாளர் கிடையாது. கனூவில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டியிருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம், நீந்தத் தெரிந்தவர்களுக்கும். மேலே வெயிலில் சூடான தண்ணீர் இடுப்புக்குக் கீழே திடீரென்று குளிரும், அந்தக் குளிர் மூச்சைப் பிடிக்கும். பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது பெரியவர் ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல், கைத்தொலைபேசியும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை வைத்துப் பார்க்கிறோம்.

தூண்டில் பிரியர்களுக்கு ஒரு செய்தி: ஒன்ராறியோவில் மீன்பிடிக்க உரிமம் வேண்டும், ஆனால் கனடாவில் வசிக்கும் 65 வயது நிரம்பியவர்கள் அதை வாங்கத் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டையே போதும். உயிருள்ள சிறு மீனை இரையாகக் கொண்டுபோக மட்டும் இந்தப் பூங்காவில் தடை.

மழைநாளுக்கென்று தனியாக ஒரு திட்டம் வைத்திருப்பதுதான் நிறையக் குடும்பச் சண்டைகளைத் தடுக்கிறது. எங்கள் மழைநாள் 43ஆம் கிலோமீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தில் தொடங்கும். தூறல் விட்டால் அதற்கு முன்னால் 42-இல் ஸ்புரூஸ் சதுப்புக்குள் பலகைப் பாதை, ஒன்றரைக் கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லாதது. பிறகு கிழக்கு வாசலுக்குக் கிட்ட மரம் வெட்டும் தொழிலின் அருங்காட்சியகம். பிரிட்டனுக்குக் கப்பலேற்ற இந்தக் காட்டின் பெரும் வெள்ளைப் பைன் மரங்களை எப்படிச் சதுரமாகச் செதுக்கி ஆறுகளில் மிதக்கவிட்டார்கள், ஜே.ஆர். பூத் என்ற மர வணிகர் 1890களில் எப்படிக் காட்டை அறுத்துக்கொண்டு ரயில் பாதை போட்டார் என்றெல்லாம் அங்கே பார்க்கலாம். அந்தத் தண்டவாளம் போன வழியில்தான் இன்று, மியூ ஏரியில் இருந்து றொக் ஏரி வரைக்கும் 10 கிலோமீட்டர், பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள்.

அங்கே ஒரு மரக்கட்டையின் பக்கத்தில் நின்றபடி அம்மா கேட்டார்.

"இது முந்தி ஆற்றை காணி பிள்ளை?"

பூங்காவின் பெயரே அல்கொங்குவின் மக்களுடையது. வேட்டையும் மீனும் மேப்பிள் பாகுமாக இந்த ஆறுகளை ஒட்டி வாழ்ந்தவர்கள். 1893-இல் பூங்கா அறிவிக்கப்பட்டு வேட்டை தடை செய்யப்பட்டபோது, தங்கள் சொந்தக் காட்டிலேயே திருட்டு வேட்டைக்காரர் ஆக்கப்பட்டார்கள். இந்த நிலத்தை எந்த உடன்படிக்கையிலும் அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. 2016-இல்தான் கனடா அரசும் மாகாண அரசும் அவர்களோடு ஒரு கொள்கையளவிலான இணக்கத்துக்குக் கையெழுத்திட்டன. முடிவான உடன்படிக்கைக்கான பேச்சு அதற்குப் பிறகும் நீண்டது. எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன்.

"அப்ப அவையிட்டைக் கேட்டெல்லோ வந்திருக்கவேணும்" என்றார் அம்மா. வளவை விட்டு ஓடிவந்த ஒருவர் சொல்வது. அன்று மாலை பிள்ளைகள் இருவரும் அந்த மக்களைப் பற்றி அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்கள். இப்போது புறப்படுவதற்கு முன் அந்தப் பகுதியைப் பற்றி ஒரு புத்தகமாவது நூலகத்தில் எடுத்து வாசிப்பதும் எங்கள் திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அடுத்த பயணத்தை அம்மாவே கேட்டிருக்கிறார், அதுவும் தன் தங்கையோடு. சின்னம்மாதான் சாவகச்சேரி மாமரத்தடியில் அவரோடு இருந்தவர். செப்டெம்பர் கடைசியில் சர்க்கரை மேப்பிள் மரங்கள் சிவக்கும். வார இறுதியில் சாலையே நிரம்பி வழியும் என்பதால் கிழமை நாளில் போவது நல்லது. அந்தக் குளிருக்குக் கூடாரம் ஆகாது. மியூ ஏரித் திடல் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது. அங்கே மரத் தளமும் மின்சார வெப்பமூட்டியும் அடுக்குக் கட்டில்களும் உள்ள 'யேர்ட்' கொட்டகைகள் உண்டு. சமையல் மட்டும் வெளியே. சின்னம்மாவுக்கு முழங்கால் நோ. கீழ்க் கட்டில் தரையில் இருந்து எவ்வளவு உயரம், வாசலில் எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லும்படி அம்மா இரண்டு தடவை நினைவுபடுத்திவிட்டார். திங்கட்கிழமை பூங்கா அலுவலகத்துக்குப் பேச வேண்டும்.